மலையில்லா ஊரில் புவியியல் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு

கற்பித்தல் பயிற்சிக்காக நான் முதன்முதலில் நின்ற வகுப்பு தரம் 8. அன்றைய பாடம் ஆறு. மேற்பகுதி, நடுப்பகுதி, கீழ்ப்பகுதி என்று மகாவலியை வெண்பலகையில் வளைத்து வளைத்துக் கீறிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்த பெடியன் ஒருவன் எழும்பி, "ரீச்சர், மலை எண்டா எங்கட கோயில் கோபுரம் அளவு வருமோ?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவன் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனையிறவுக்கு அப்பால் போகாத பிள்ளை அவன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. நான் கீறியது அவனுக்கு வெறும் நெளிகோடு.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன தகைமை வேணும், அக்கா?" என்றுதான். அதைச் சொல்கிறேன். ஆனால் தகைமை வந்த பிறகும் அந்தப் பெடியனின் கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் ஆயத்தப்பட வேண்டும்.

எந்தக் கதவால் உள்ளே போவது

வெளிநாடுகள் சிலவற்றில் உயர்நிலைப் பள்ளியில் 'புவி அறிவியல்' என்று தனிப்பாடம் உண்டு. எங்கள் பாடவிதானத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பாறை, மண், வளிமண்டலம், புவிநடுக்கம், வரைபடம் என்று அந்தப் பாடத்தின் பெரும்பகுதி இங்கே புவியியலுக்குள் இருக்கிறது. தரம் 6 முதல் 9 வரை எல்லாரும் படிக்கிறார்கள், 10, 11 இல் தொகுதிப் பாடமாகத் தெரிவு செய்கிறார்கள், பிறகு உயர்தரத்தில் எடுக்கிறார்கள். மிச்சம் விஞ்ஞானப் பாடத்துக்குள் சிதறிக் கிடக்கிறது. ஆகவே கதவு இரண்டு: புவியியல் ஆசிரியர், அல்லது விஞ்ஞான ஆசிரியர். உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ படித்தவருக்கு இரண்டாவது கதவு இலகு. ஆனால் அங்கே போனால் வருடத்தில் சில பாடவேளைகள்தான் பூமியைப் பற்றிப் பேசலாம், மற்ற நாளெல்லாம் ஒளித்தெறிப்பும் அமிலமும்தான். கல்லும் காற்றும்தான் உங்களுக்குப் பிடித்தவை என்றால் புவியியல் கதவால் வாருங்கள். இனி நான் எழுதுவது அவர்களுக்கு.

உயர்தரத்தில் (ஏ.எல்.) புவியியலைச் சேர்த்து எடுங்கள். மற்ற இரண்டு பாடங்களும் உங்கள் விருப்பம். புவியியல் பாடமாக்கி எழுதும் பாடம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவுத்திட்டம், சாய்வுவிகிதம், மழைவீழ்ச்சி வரைபு என்று கணக்கு வந்துகொண்டே இருக்கும். சாதாரணதர (ஓ.எல்.) கணிதத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே தடக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கல்வியியற் கல்லூரி. எங்களுக்குக் கிட்டியது கோப்பாயில் இருக்கிறது, அடுத்தது வவுனியாவில். மூன்று ஆண்டுப் பயிற்சி. முதல் இரண்டும் கல்லூரியிலேயே தங்கிப் படிப்பது, மூன்றாவது ஆண்டு பாடசாலையில் கட்டுறுபயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் நியமனமும் வரும். எந்த ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறும். பக்கத்து வீட்டு அண்ணா போன வருடம் சொன்னதை வைத்து விண்ணப்பிக்காமல், அறிவித்தலை வரி வரியாக வாசியுங்கள்.

மற்றது பல்கலைக்கழகம். திருநெல்வேலியில் 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் புவியியற்றுறை இருக்கிறது. பேராதனையிலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் படிக்கலாம். எங்கே போனாலும் பௌதிகப் புவியியல், வரைபடவியல், தொலையுணர்வு (செய்மதிப் படங்களால் நிலத்தைப் படிப்பது), ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தகவலைக் கையாள்வது) ஆகியவற்றில் கிடைப்பதை விடாதீர்கள். இலகுவாகப் புள்ளி வரும் என்று மனிதப் புவியியல் அலகுகளை மட்டும் பொறுக்கி எடுத்த பட்டதாரி, தரம் 12 க்கு முன்னால் நின்று புவித்தகடு அசைவை விளக்கும்போது கொப்பியைத் தடவுவார்.

பட்டம் கிடைத்தவுடன் வேலை கிடைக்கும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. 2017 இல் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் பட்டதாரிகள் வேலை கேட்டுக் குந்தியிருந்த நாட்களைக் கண்டவர்களுக்கு அது தெரியும். தேசிய பாடசாலைகளுக்கு மத்திய அரசும் மாகாணப் பாடசாலைகளுக்கு மாகாண நிர்வாகமும் தனித்தனியே ஆள் எடுக்கும், இரண்டு அறிவித்தல்களையும் கவனியுங்கள். போட்டிப் பரீட்சை, நேர்முகம், செய்முறைப் பரீட்சை என்று படிகள் இருக்கும். செய்முறை என்பது நடுவர்களுக்கு முன்னால் சில நிமிடம் பாடம் எடுப்பது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் தள்ளிப்போடாதீர்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடியே அதைச் செய்யலாம், பதவியுயர்வு என்று வரும்போது அது இல்லாமல் நிற்பது தலையிடி.

காத்திருக்கும் காலத்தில் சிலர் தொண்டர் ஆசிரியராகப் போகிறார்கள், சிலர் ரியூசன் எடுக்கிறார்கள். இரண்டும் பழக்கத்துக்கு நல்லது. ஆனால் தொண்டராக இருந்தால் நிரந்தரமாக்குவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் வயதெல்லையைத் தாண்டவிட்டுவிடாதீர்கள்.

சொல் பிசகினால் பிள்ளை குழம்பும்

சின்ன விசயம் மாதிரித் தெரியும், சின்ன விசயம் இல்லை. பிள்ளைகள் யூடியூப்பில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே படிவுப்பாறை என்பது எங்கள் பாடநூலில் அடையற்பாறை. அங்கே நிலவியல், இங்கே புவிச்சரிதவியல். கார்பன் டை ஆக்சைடு இங்கே காபனீரொட்சைட்டு. இரண்டும் தமிழ்தான், ஒன்றைப் பிழை என்று சொல்லிப் பிள்ளையை மட்டம் தட்டத் தேவையில்லை. ஆனால் வகுப்பில் பாடநூலின் சொல்லையே பேசுங்கள், வினாத்தாளும் அதைத்தான் பேசும். நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரை போட்டு, கேள்விப்படும் சொல்லையும் பாடநூல் சொல்லையும் எதிரெதிரே எழுதச் சொல்வேன். வருட முடிவில் அந்தப் பக்கம் நிறைந்திருக்கும்.

பாடநூலும், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும், கடந்தகால வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நியமனத்துக்குக் காத்திருக்கும்போதே தரம் 6 முதல் 13 வரை ஒரே மூச்சில் வாசித்து முடியுங்கள். எந்தக் கருத்து எந்தத் தரத்தில் முதலில் வந்து எங்கே திரும்ப வருகிறது என்று தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

உங்கள் காலுக்குக் கீழே இருப்பதைப் படியுங்கள்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறை, அதாவது பெரும்பாலும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய கருங்கல். யாழ்ப்பாணம் அந்த மிச்ச ஒரு பங்கைச் சேர்ந்தது. மயோசீன் காலத்தில், அதாவது 23 முதல் 5.3 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், கடலில் படிந்த சுண்ணக்கல்லின் மேல்தான் எங்கள் வீடும் வளவும் இருக்கின்றன. இதை வாயால் சொன்னால் பிள்ளை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். வேறு வழி இருக்கிறது.

கிணறு வெட்டின இடத்தில் கிடக்கும் வெள்ளைக் கல் ஒன்று எடுங்கள். உடைந்த அம்மித் துண்டு ஒன்றும் தேடிப் பிடியுங்கள். இரண்டையும் மேசையில் வைத்து, ஆணியால் மேற்பரப்பைச் சுரண்டி, அந்தத் தூளில் வினாகிரி சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுண்ணக்கல் தூள் நுரைத்துப் பொங்கும். அம்மித் துண்டு சும்மா நனையும். அப்போது கேளுங்கள்: "உங்கட வீட்டு அம்மி எங்கேயிருந்து வந்தது?" குடாநாட்டு நிலத்தில் கருங்கல் இல்லை, எங்கள் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியிலிருந்து வந்தவை என்பது நேரே விளங்கும்போது அடையற்பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் பாடமாக்கத் தேவையில்லை. அடுத்த நாள் சிப்பி, சோகி, முருகைக்கல் என்று பிள்ளைகளே பொக்கற்றில் கொண்டுவந்து "இது பொங்குமோ ரீச்சர்?" என்று நிற்பார்கள். வினாகிரிப் போத்தல் ஒன்று மேலதிகமாக வைத்திருங்கள்.

மழைநீரில் கரையும் கல் என்பதால்தான் நிலத்துக்குள் குகையும் வெடிப்பும். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், நவக்கிரியில் நிலாவரைக் கிணறு மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புமாக நிற்பதும் அதனால்தான். உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துத் தோட்டச் செம்மண் சிவந்திருப்பதற்கு இரும்பு ஒட்சைட்டு காரணம். ஆறு வேண்டுமென்றால் மாரியில் தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக்கு இறங்கும் வழுக்கியாற்றைக் காட்டுங்கள். சின்னதுதான், ஆனால் அரிப்பும் படிவும் அங்கேயும் நடக்கிறது. காற்றின் வேலை பார்க்க மணற்காடு போதும், மணல்மேடுகளுக்கு நடுவே பழைய தேவாலயத்தின் இடிபாடு நிற்கிறது.

கிணற்று நீரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் வளர்ந்து தோட்டம் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதைத் தெரியாமல் இருக்கக்கூடாது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு. அதனால் கடல்நீருக்கு மேலே வில்லை போல மிதக்கிறது. கணக்கு இப்படி: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர். மறுபக்கம் திருப்பினால் பயம் வரும். மேலே கொஞ்சம் இறைத்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடவிடுங்கள்.

நான் இதை யாம் போத்தலில் செய்து காட்டுவேன். பாதி வரை நீர் விட்டு உப்பைக் கரைத்து, பீற்றூட் சாறு கலந்து சிவப்பாக்குவது. அதன் மேல் கரண்டியின் முதுகில் படும்படி நன்னீரை மெல்ல மெல்ல ஊற்றுவது. அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும், வீட்டில் இரண்டு மூன்று தரம் பழகிவிட்டுப் போங்கள். நிறக்கோடு தெளிவாக நின்றதும் ஒரு சிறிஞ்சின் வாயைக் கோட்டுக்குச் சற்று மேலே பிடித்து மெதுவாக இழுத்தால் தெளிநீர் வரும். திடீரென்று பலமாக இழுத்தால் கீழேயிருந்து சிவப்பு கூம்பு போல எழும்பி உள்ளே வரும். துலாவுக்கும் நீர்ப்பம்பிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று நான் சொல்ல முன்னமே, தோட்டக்காரரின் பிள்ளை ஒன்று சொல்லிவிடும்.

பிறகு ஒரு வீட்டுவேலை. நூலில் கல்லைக் கட்டி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர் மட்டம் வரை மாதம் ஒருமுறை அளந்து எழுதச் சொல்லுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கட்டளையோடு. ஐப்பசியில் மழை தொடங்க முன் ஓர் அளவு, தையில் ஓர் அளவு இருந்தாலே வடகீழ்ப் பருவக்காற்று மழை எங்கே போனது என்று புரியும். காற்றுக்கு எங்களிடம் நல்ல பெயர்கள் இருக்கின்றன. வாடை எந்தப் பக்கமிருந்து வருகிறது, சோளகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கடற்கரைப் பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுவதும் வாடையில்தான். அங்கிருந்து தொடங்கிப் பாடநூலுக்குப் போங்கள்.

இன்னொன்று, சூரியன். மார்ச் 21 அன்று பகல் 12.17 அளவில் வெளியில் சமதரையில் ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி நாட்டுங்கள். நிழல் வடக்கே 17 சென்ரிமீற்றர் அளவில் விழும். அந்த இரண்டு அளவையும் வைத்துக் கோணம் கண்டால் ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் வரும். அதுதான் யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு. வரைபடத்தின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைத் தன் முற்றத்தில் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது. சித்திரை வருடப்பிறப்பையொட்டி, ஏப்ரல் 14, 15 அளவில், நண்பகல் 12.10 க்கு அந்த நிழலே இருக்காது, சூரியன் நேர் உச்சியில். பாடசாலை விடுமுறை என்பதால் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லிவிடுங்கள். பலகாரத்தட்டு நடுவே போத்தலை நட்டு வைத்து நிழல் தேடிய கதைகள் அடுத்த தவணைக்கு வரும். அந்த நாளைத் தவறவிட்டால் ஓகஸ்ட் 28 அளவில் இன்னொருமுறை வரும்.

சமவுயரக்கோடு என்ற சங்கடம்

இடவிளக்கப்படம், அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களையும் காட்டும் வரைபடம், பரீட்சையில் தவிர்க்க முடியாதது, எங்கள் பிள்ளைகள் அதிகம் புள்ளி இழக்கும் இடமும் அதுதான். காரணம் அந்தப் பெடியன் கேட்டதேதான். மலை காணாதவனுக்குச் சமவுயரக்கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, வெறும் கைரேகை.

நிலஅளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களில் இரண்டு வாங்குங்கள்: யாழ்ப்பாணம் ஒன்று, மலைநாட்டில் எதாவது ஒன்று. முதல் வாரம் யாழ்ப்பாணத் தாள் மட்டும். தன் வீட்டு ஒழுங்கை, கோயில், குளம் எங்கே என்று தேடட்டும். குறியீடும் அளவுத்திட்டமும் அதிலேயே பழகிவிடும். இரண்டு சென்ரிமீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றர், சைக்கிளில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

இரண்டாவது வாரம் பிளாஸ்ரிக் பேசினுக்குள் களிமண்ணால் ஒரு மலை செய்யுங்கள். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு, நடுவே விரலால் இழுத்த ஒரு பள்ளத்தாக்கு. பேசினின் ஓரத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் கோடு போட்டு, ஒரு கோடு உயரத்துக்கு நீர் ஊற்றி, நீர் மலையைத் தொடும் விளிம்பைத் தும்புத்தடிக் குச்சியால் கீறச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கோடு. முடிந்ததும் நீரை வெளியே ஊற்றிவிட்டு மேலேயிருந்து பாருங்கள். செங்குத்துப் பக்கம் கோடுகள் நெருங்கியிருக்கும், சரிவில் விலகியிருக்கும், பள்ளத்தாக்கில் 'வி' போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்போதுதான் மலைநாட்டுத் தாளை விரிக்க வேண்டும். இதற்கு ஒரு பாடவேளையின் 40 நிமிடம் போதாது, அடுத்த பாடத்து ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி இரட்டைப் பாடவேளை வாங்கிக்கொள்ளுங்கள். துடைக்கத் துணியும் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகாத நாளில் களிமண் தரைக்காக அதிபரிடம் ஏச்சு வாங்கினேன்.

பிள்ளைகளைக் கைபேசியில் கூகுள் ஏர்த்தும் பார்க்க விடலாம். காங்கேசன்துறையில் சீமெந்து ஆலைக்காகச் சுண்ணக்கல் தோண்டிய குழிகள் மேலேயிருந்து தெளிவாகத் தெரியும்.

ஆழிப்பேரலைப் பாடம்

இதைச் சாதாரணப் பாடம் போல எடுக்காதீர்கள். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நடந்த புவிநடுக்கம், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எங்கள் கிழக்குக் கரைக்கு வந்த அலை, நடுக்க அலைகளோ சில நிமிடங்களிலேயே வந்து கடந்தன: இவை பாடம். ஆனால் இன்று வகுப்பிலிருக்கும் பிள்ளை அதற்குப் பின் பிறந்திருந்தாலும், வடமராட்சி கிழக்கில் அவளுடைய வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கலாம். முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் மெதுவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காணொளி போடுவதாக இருந்தால் ஆட்கள் அள்ளுண்டு போகும் காட்சிகள் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்விக்கே பாடவேளையைக் கொடுங்கள். கடல் பின்வாங்கினால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் சொல்லத் தெரிந்து வெளியே போக வேண்டும்.

1964 டிசெம்பர்ப் புயலை நினைவிருக்கும் அப்பாச்சிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், 2008 நிஷாப் புயல் வெள்ளத்தை நினைவிருக்கும் பெற்றோர் நிறையப் பேர். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பிக் கேட்டு எழுதச் சொன்னால், தாழமுக்கம் என்ற சொல்லுக்கு உயிர் வரும்.

முதல் நியமனம்

பெரும்பாலும் வன்னி அல்லது தீவகம். நெடுந்தீவு என்று கடிதம் வந்தால் அழ வேண்டாம் (நான் அழுதேன்). குறிகட்டுவானிலிருந்து படகு ஒரு மணித்தியாலம் அளவில் போகும். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், மேய்ந்து திரியும் குதிரைகள், வீட்டுக்கு வீடு உப்புச்சுவை மாறும் கிணறுகள் என்று தீவு முழுக்கப் பாடம் கிடக்கிறது. போய்ச் சேர்ந்ததும் வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் யாரென்று விசாரித்துக் கதையுங்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதென்றால் அதிபரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் கையில் இருக்கட்டும், படகுப் பயணம் என்றால் வலயக் கல்விப் பணிமனையிலும் முன்கூட்டியே கேளுங்கள். வேலை குவியும் முதல் தவணையில் வெளிக்கள வேலை ஒன்றுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

முதல் நாள் பைக்குள்: அளவு நாடா, வினாகிரி, அம்மித் துண்டு, நூல் பந்து, இரண்டு வரைபடத் தாள்கள், துடைக்கத் துணி. தாள்களைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் படகின் பக்கவாட்டில் இருந்தால் தோளிலிருந்து கால் வரை நனைவீர்கள். நடுவில் இடம் பிடியுங்கள்.